மோதிய பிறகு கார் என்ன செய்கிறது?

நண்பனின் காரில், உள்கண்ணாடிக்குச் சற்று மேலே, கூரையில் ஒரு சின்ன மூடி. அதன் மேல் சிவப்பில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது. ஜெர்மனியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் காபி வாங்கப் போயிருந்தான். நான் கை சும்மா இருக்காமல் அந்த மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு பொத்தான். திரும்பி வந்தவன் கதவைத் திறந்ததும் பதறிவிட்டான்.

"டேய் மாப்ள, கைய எடு. அத அமுக்குனா ஃபயர் சர்வீஸ் வந்துடும்டா."

நான் அமுக்கவில்லை, யாரும் வரவும் இல்லை. ஆனால் அவன் சொன்னது பாதிதான். அந்தப் பொத்தானை மனிதர் அமுக்குவது இரண்டாம்பட்சம். கார் எங்காவது பலமாக மோதி, உள்ளே இருப்பவர்கள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், பொத்தான் அமுக்கியதுபோலக் காரே நடந்துகொள்ளும். அவசர எண்ணைத் தானே கூப்பிட்டு, இன்ன இடத்தில் அடிபட்டுக் கிடக்கிறேன் என்று சொல்லிவிடும்.

விபத்தைத் தவிர்க்கும் நுட்பங்களைப் பற்றி விளம்பரங்களிலேயே நிறையப் பார்க்கிறோம். ஏபிஎஸ், தானாகப் பிடிக்கும் பிரேக், கோட்டைத் தாண்டினால் கத்தும் எச்சரிக்கை. மோதிய நொடிக்கு அப்புறம் கார் என்ன செய்யும் என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. விற்க வந்த இடத்தில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று நினைப்பார்களாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்த 'அப்புறம்' பற்றியது. உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்துதான் வரும். ஏனென்றால் அங்கே இது சட்டமாகவே இருக்கிறது.

காருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

நம் ஊரில் 108-ஐக் கூப்பிட்டுப் பேசியவர்களுக்குத் தெரியும், முதல் சிக்கலே இடத்தைச் சொல்வதுதான். "பைபாஸ்ல, டோல்கேட் தாண்டி, ஒரு டீக்கடை வரும் பாருங்க" என்று ஆரம்பித்து, அது சாலையின் எந்தப் பக்கம் என்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். அதுவும் பார்த்தவர் யாராவது இருந்தால். நள்ளிரவில், ஆள் நடமாட்டமில்லாத கிளைச் சாலையில், கார் தடம் மாறிப் பள்ளத்தில் உருண்டிருந்தால் கூப்பிடுவதற்கே ஆள் கிடையாது.

சரி, இடம் தெரிந்து வந்து சேர்ந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே எத்தனை பேர்? வண்டி ஓடுவது பெட்ரோலிலா, எரிவாயுவிலா, பேட்டரியிலா? கதவு திறக்கவில்லை என்றால் எங்கே வெட்டலாம்? எங்கே வெட்டினால் வெட்டுகிறவருக்கே ஆபத்து? இத்தனைக்கும் பதில் தெரிந்த ஒரே சாட்சி, பெரும்பாலும், அந்தக் கார்தான். எங்கே நிற்கிறோம், எத்தனை சீட் பெல்ட் மாட்டியிருந்தது, அடி எந்தப் பக்கம், எந்த ஏர்பேக் விரிந்தது, எது விரியாமல் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அதைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்ல வைப்பதுதான் பாடு.

முதல் அரை நொடி

ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, தரையில், கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைத் திருகிப் பொருத்தியிருப்பார்கள். ஏர்பேக்குகளை இயக்கும் கணினி அது. அதற்குள்ளும் காரின் முன்பகுதியிலும் கதவுகளிலும் உணரிகள் உண்டு. வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதைச் சில உணரிகள் அளக்கும். கதவு உள்வாங்கினால் அதன் பொந்துக்குள் காற்றழுத்தம் திடீரென ஏறும். அதை அளக்க வேறு சில. பள்ளத்தில் இறங்கிய குலுக்கலா, நடைபாதை விளிம்பில் உரசியதா, நிஜமான மோதலா என்று பெட்டி முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான். நாம் கண் இமைத்து முடிப்பதற்குள் ஏர்பேக் விரிந்து சுருங்கவும் ஆரம்பித்திருக்கும்.

ஏர்பேக் விரிவது எல்லோரும் அறிந்தது. அதிகம் தெரியாதது, அதே கணத்தில் அந்தப் பெட்டி காரின் மற்ற கணினிகளுக்கெல்லாம் 'மோதிவிட்டோம்' என்று ஒரு சேதி அனுப்புவது. சேதி கிடைத்ததும் ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்க்கும். எரிபொருள் பம்ப் நிற்கும். கதவுகளின் பூட்டு விடுபடும். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கத் தொடங்கும், உள்விளக்கு எரியும். சில கார்களில் கண்ணாடிகள் கொஞ்சம் இறங்கும். இன்னும் சிலவற்றில், ஓட்டுநரின் கால் பெடலில் இல்லாவிட்டாலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அடிபட்ட வண்டி அப்படியே உருண்டு போய் எதிரே வரும் லாரியில் இரண்டாவது முறை மோதாமலிருக்க இந்த ஏற்பாடு.

இதில் பூட்டு விடுபடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றைய கார்களில் வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. மோதிய பிறகும் அப்படியே இருந்தால், ஓடிவந்து உதவப் பார்க்கும் வழிப்போக்கர் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கல்லைத் தேட வேண்டியதுதான். அதனால்தான் கதவோடு கதவாகப் படிந்திருக்கும் புதுப் பாணிக் கைப்பிடிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மின்சாரம் இருந்தால்தான் அவற்றில் பல வேலை செய்யும். மோதலில் அந்த மின்சாரத்தைத் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால்? வெளியிலிருந்து திறக்க முடியாமல் போகிறது என்ற புகார்களின் மேல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025-இல் ஒரு விசாரணையே தொடங்கியது. அழகுக்கு ஒரு விலை உண்டு, சரி. ஆனால் கதவுக்குத் திறப்பதுதானே முதல் வேலை?

மின்சாரக் காரில் இன்னொரு காரியமும் நடந்தாக வேண்டும். அதன் பெரிய பேட்டரி 400 வோல்ட் அளவில், சில மாடல்களில் 800 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். மோதல் சேதி கிடைத்ததும் பேட்டரியிலிருந்து வெளியே போகும் இணைப்பைக் காரே துண்டித்துவிடும். பல கார்களில் இதற்கென்று ஒரு குட்டி வெடிமருந்து இருக்கிறது. பட்டென்று வெடித்து, மின்சாரம் ஓடும் செம்புப் பட்டையைக் கத்தரித்துவிடும். வண்டியின் மற்றப் பகுதிகளில் தேங்கிய மின்னழுத்தம் ஒரு நிமிடத்துக்குள் 60 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பது, மோதல் சோதனைக்கான ஐ.நா. விதிமுறை ஏற்கும் அளவுகோல்களில் ஒன்று. பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் மட்டும் எங்கும் போகாது. அதைப் பற்றிப் பிறகு.

140 பைட்டில் ஒரு தந்தி

இப்போது கூரைப் பொத்தானுக்கு வருவோம். இந்த ஏற்பாட்டுக்கு ஐரோப்பாவில் இ-கால் என்று பெயர். விபத்துக் கட்டுரையில் கால் என்று வந்ததும் உடைந்த காலோ என்று பயந்துவிட வேண்டாம், போன் கால்தான். 2018 மார்ச் 31-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் ஒவ்வொரு புதிய கார் மாடலிலும் சிறிய வேன் மாடலிலும் இது கட்டாயம். தனிச் சந்தா, செயலி, பதிவு எதுவும் தேவையில்லை. காருக்குள்ளேயே ஒரு சிம், ஓர் ஆன்டெனா, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், செயற்கைக்கோள் வழியாக இடம் அறியும் சில்லு. முக்கிய பேட்டரி நசுங்கிப்போனாலும் சில நிமிடம் பேசவும், திரும்ப வரும் அழைப்புக்காகக் காத்திருக்கவும் போதுமான மின்சாரம் இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் தனியே ஒரு சிறு பேட்டரியும் வைக்கிறார்கள்.

ஏர்பேக் பெட்டியிலிருந்து சேதி வந்ததும் இந்தக் கருவி 112-ஐ அழைக்கும். 112 என்பது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான அவசர எண். போர்ச்சுகல் பதிவெண் கொண்ட கார் போலந்தில் அடிபட்டாலும் பக்கத்திலிருக்கும் போலந்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். எடுத்த எடுப்பில் பேசுவது மனிதர் அல்ல, கார். பழைய ஃபேக்ஸ் மிஷின் போன் லைனில் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே பாணியில், குரல் போகும் பாதையிலேயே ஒலிகளாக மாற்றி ஒரு தகவல் பொதியை அனுப்பும். அது போய்ச் சேர்ந்த பிறகு குரல் இணைப்பு திறக்கும்.

இன்டர்நெட் வழியாக அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இதை வடிவமைத்த காலத்தில் எல்லாச் சாலையோரத்திலும் டேட்டா கிடைக்கும் என்று நம்ப முடியாது. குரல் அழைப்பு கிடைக்கும். அதிலும் அவசர அழைப்பு என்றால் எந்த நிறுவனத்தின் கோபுரமானாலும் ஏற்றுக்கொள்ளும். மற்ற அழைப்புகளை விட முன்னுரிமையும் உண்டு. அந்தக் குதிரையிலேயே தகவலையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பொதியின் உச்ச அளவு 140 பைட். ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸின் அளவு அது. தமிழில் எஸ்எம்எஸ் அடித்தவர்களுக்கு இந்தக் கஞ்சத்தனம் நன்றாகவே தெரியும்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழுக்கு 70 குறிகள்தான், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'மாமா அடிபட்டுக் கிடக்கிறார்' என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் போய்விடும். அத்தனை சிறிய இடத்தில் காரின் சேதி எப்படிக் கொள்ளும்? எல்லாவற்றையும் எண்களாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதை விரித்துத் தமிழில் படித்தால் இப்படி இருக்கும்:

'இது தானாக வந்த அழைப்பு, யாரும் பொத்தானை அமுக்கவில்லை. நேரம் இன்னது. இடம் இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை. இந்த இடக் கணக்கை நம்பலாம். வண்டி தென்மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அடையாள எண் இன்னது. பயணிகள் கார், டீசல். மூன்று பெல்ட் மாட்டியிருந்தது.'

ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. திசையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடுப்பு போட்ட நெடுஞ்சாலையில் கார் எந்தப் பக்கத்து வழியில் கிடக்கிறது என்று வரைபடத்தின் புள்ளி மட்டும் சொல்லாது. இரண்டு வழிக்கும் இடையே சில மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் தவறான பக்கம் ஏறிவிட்ட ஆம்புலன்ஸ் அடுத்த இறக்கம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். போய்க்கொண்டிருந்த திசை தெரிந்தால் அந்தத் தப்பு நடக்காது. பெல்ட் எண்ணிக்கையும் அப்படியே. மூன்று என்று சேதி வந்திருக்கிறது, காருக்குள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்துப் புதரில் தேட வேண்டும். அடிபட்ட அதிர்ச்சியில் எழுந்து நடந்து போய் எங்காவது உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

தகவல் வந்த பிறகு கட்டுப்பாட்டு அறை ஊழியர் காருக்குள் குரல் கொடுப்பார். கேட்கிறதா, யாருக்கு அடி, நினைவு இருக்கிறதா என்று கேட்பார். பதில் வந்தால் அதற்கேற்ற உதவி. பதிலே வராவிட்டால் அந்த மௌனமே ஒரு தகவல். ஆளை அனுப்பிவிடுவார்கள். கார் அதன் பிறகும் நெட்வொர்க்கில் காத்திருக்கும், திரும்ப அழைத்தால் கிடைக்க வேண்டுமே. வழியில் வரும் மீட்புக் குழு 'எந்த வளைவு?' என்று கேட்டால் கட்டுப்பாட்டு அறை காரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். இந்த ஏற்பாட்டால் உதவி போய்ச் சேரும் நேரம் நகரங்களில் 40 சதவீதமும் கிராமப்புறங்களில் 50 சதவீதமும் குறையலாம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு.

எந்நேரமும் என்னை வேவு பார்க்குமோ என்ற பயம் பலருக்கு வரும். சட்டப்படி இந்தக் கருவி சாதாரண நேரங்களில் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். நெட்வொர்க்கில் பதிவுகூடச் செய்துகொள்ளாது. விழிப்பது மோதலின்போது அல்லது பொத்தானை அமுக்கும்போது மட்டும். கார் நிறுவனங்கள் தாங்களாகத் தரும் இணையச் சேவைகள் வேறு கதை. அவற்றுக்கு இந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த யோசனைக்கு ஐரோப்பா முதல் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996-லேயே ஆன்ஸ்டார் என்ற சேவையைக் கொண்டுவந்தது. அது நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போகும் சந்தாச் சேவை. ரஷ்யா ஏரா-குளோனாஸ் என்ற பெயரில் தன் சொந்த ஏற்பாட்டை 2015-இல் தொடங்கியது. இந்தியாவில் தனியார் கார்களுக்கு ஐரோப்பாவில் இருப்பது போன்ற கட்டாயம் இல்லை. பேருந்து, டாக்சி போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஏஐஎஸ்-140 என்ற தரவிதியின்படி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும். இணைய வசதியோடு விற்கும் கார்களில் எஸ்.ஓ.எஸ். பொத்தான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போகும், சந்தா முடிந்தால் சேவையும் முடிந்துவிடக்கூடும். உங்கள் காரில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால், அது யாரிடம் போய்ப் பேசுகிறது, இன்னும் எத்தனை மாதத்துக்குப் பேசும் என்று ஒருமுறை விசாரித்து வைப்பது நல்லது.

டாக்டரை முன்கூட்டியே எழுப்புவது

இடத்தைச் சொல்வது ஒன்று. அடி எவ்வளவு மோசம் என்று காரே கணித்துச் சொல்வது அதற்கு அடுத்த படி. ஜப்பானில் டி-கால் நெட் என்ற ஏற்பாடு 2015 நவம்பரில் சோதனையாகத் தொடங்கியது. மோதலில் வேகம் எவ்வளவு குறைந்தது, அடி எந்தத் திசையிலிருந்து, ஒரே மோதலா பலவா, பெல்ட் போட்டிருந்தார்களா என்ற விவரங்களைக் கடந்தகால விபத்துகளோடு ஒப்பிட்டு, உள்ளே இருப்பவருக்கு உயிராபத்தோ கடும் காயமோ இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு கணக்குப் போடும். கணக்கு எல்லையைத் தாண்டினால் டாக்டர் ஏறிவரும் ஹெலிகாப்டர் நிற்கும் மருத்துவமனைக்கு நேரே தகவல் போகும். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் போய், ஆளைப் பார்த்து, 'இது நம்மால் ஆகாது, ஹெலிகாப்டர் அனுப்புங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த முடிவை முன்கூட்டியே எடுக்க முடிகிறது.

இங்கே பக்கவாட்டு அடிக்குத் தனி மரியாதை. முன்னால் மோதினால் நசுங்க ஒரு மீட்டருக்குப் பக்கமாக பானெட் இருக்கிறது. கதவில் மோதினால் உங்கள் விலா எலும்புக்கும் எதிரி வண்டிக்கும் நடுவே ஒரு சாண் தகடுதான். அதனால் அதே வேகக் குறைவு பக்கவாட்டில் வந்தால் கணக்கு இன்னும் கடுமையாக மதிப்பிடும்.

எங்கே வெட்டக் கூடாது

இனி மீட்பு வண்டி வந்து நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை, கூரையை வெட்டியெடுக்க வேண்டும். பெரிய நண்டுக் கொடுக்கு போன்ற ஹைட்ராலிக் கட்டரைத் தோளில் தாங்கியபடி ஒருவர் நிற்கிறார். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூணில் கொடுக்கை வைக்கிறார். ஆனால் உடனே வெட்டிவிடுவதில்லை. இன்னொருவர் தூணின் உட்பக்கத்து பிளாஸ்டிக் உறையை ஒரு தட்டைக் கம்பியால் நெம்பி உரித்துப் பார்க்கிறார். விரல் பருமனில் ஓர் உலோக உருளை அங்கே ஒளிந்திருக்கலாம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கை ஊதுவதற்காக மிக உயர்ந்த அழுத்தத்தில் வாயு அடைத்த குப்பி அது. விரியாத ஏர்பேக்கின் குப்பியைக் கட்டர் கடித்தால் அது வெடிக்கும். உள்ளே இருப்பவரின் தலைக்கும் வெட்டுகிறவரின் முகத்துக்கும் ஓரடி தள்ளி.

இந்தக் குப்பி சில மாடலில் முன்தூணில் இருக்கும், சிலவற்றில் கூரையோரம், சிலவற்றில் பின்தூணில். நடுத்தூணில் வேறு வம்பு. பக்கவாட்டு மோதலைத் தாங்க அங்கே போடும் கடின எஃகு நாளுக்கு நாள் வலுவாகிக்கொண்டே போகிறது. நம்மைக் காப்பாற்றுகிற அந்த எஃகிடம் பழைய கட்டர்கள் பல்லிளித்துவிடும். சீட் பெல்ட்டை இறுக்கும் குட்டி வெடி ஓரிடம், 12 வோல்ட் பேட்டரி பானெட்டுக்குள் இல்லாமல் டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ ஓரிடம். எந்த மாடலில் எது எங்கே என்று எந்த மனிதரும் நினைவில் வைத்திருக்க முடியாது.

இதற்கு ஜெர்மனியில் கண்டுபிடித்த விடையைக் கேட்டால் சிரிப்பு வரும்: ஒரு தாள். மீட்பு அட்டை என்று சொல்லலாம். காரின் படத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்து, ஏர்பேக் குப்பி இங்கே, வலுவூட்டிய எஃகு இங்கே, ஆரஞ்சு நிறத்தில் உயர் மின்னழுத்தக் கம்பி இந்த வழியாக என்று குறித்திருக்கும். ஜெர்மன் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி இதைப் பெரிய பிரசாரமாகவே எடுத்துச் சென்றது. உங்கள் மாடலுக்கான தாளை இலவசமாக இறக்கி, கலரில் பிரின்ட் எடுத்து, ஓட்டுநர் பக்கத்து வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வைக்க வேண்டும். அட்டை உள்ளே இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஸ்டிக்கர் முன்கண்ணாடியில். வேறு ஒன்றுமே வேண்டாம். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இந்தத் தாள்தான் என்பேன். பேட்டரி தீராது, சிக்னல் போகாது, அப்டேட் கேட்காது.

தாளுக்கு அடுத்தது கியூஆர் குறி. 2013-இல் மெர்சிடீஸ் பென்ஸ் தன் கார்களில் இதை ஒட்ட ஆரம்பித்தது. ஒன்று எரிபொருள் ஊற்றும் வாயின் மூடிக்கு உள்பக்கம், இன்னொன்று அதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கதவுத்தூணில். ஒரு பக்கம் நசுங்கினால் மறுபக்கம் மிஞ்சும் என்ற கணக்கு. போன் கேமராவில் குறியைப் படித்தால் அந்த மாடலின் மீட்பு அட்டை திரையில் வரும். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று இதற்குக் காப்புரிமை கோராமல் விட்டுவிட்டார்கள். 2020-இல், கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு, நிறுவனங்களின் மீட்பு அட்டைகளை ஒரே இடத்தில் தொகுத்து, நெட் இல்லாமலும் திறக்கும் ஒரு செயலியை மீட்புப் படையினருக்காக வெளியிட்டது. ஜெர்மனியில் நம்பர் பிளேட்டை வைத்தே கட்டுப்பாட்டு அறை மாடலைக் கண்டுபிடித்து அட்டையை எடுத்துவிட முடியும். இ-கால் சேதியில் 17 இலக்க அடையாள எண் வருகிறதல்லவா, அதுவும் இதற்கு உதவும். வண்டி கிளம்பும்போதே எந்தக் காரை வெட்டப் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

மின்சாரக் கார்களில் தீயணைப்பு வீரர்களுக்கென்றே சில கைப்பிடிகள் வைக்கிறார்கள். டெஸ்லா கார்களில் முன்பக்கத்து டிக்கியில் ஒரு கம்பி வளையம் இருக்கும். அதன் மேல் கத்தரிக்கோல் படம் போட்ட சீட்டு. அது குறைந்த மின்னழுத்தக் கம்பிதான், தொட்டால் ஒன்றும் ஆகாது. அதைக் கத்தரித்தால் பெரிய பேட்டரியின் இணைப்பு விட்டுப்போகும், ஏர்பேக்குகளும் செயலிழக்கும். ஒரே வெட்டாக வெட்டக் கூடாது, இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. வண்டியை இழுக்கும்போது வெட்டிய முனைகள் மறுபடி உரசிக்கொண்டால் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடுமே.

பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரத்தைப் பற்றிப் பிறகு என்று சொன்னேன். அது தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. பேட்டரி உலோகப் பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால் வெளியே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே போகாது. மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ரெனோ நிறுவனம் பிரெஞ்சுத் தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து ஓர் எளிய வழி கண்டது. பேட்டரிப் பெட்டியில் ஒரு துளை போட்டு, அதன் மேல் ஒட்டும் வில்லை ஒன்றை ஒட்டிவிட்டார்கள். தீயணைப்புக் குழாயின் பீய்ச்சல் பட்டால் வில்லை பெயர்ந்துவிடும், தண்ணீர் நேரே உள்ளே பாயும். சில நிமிடங்களில் அணைந்துவிடும் என்கிறார்கள். ஃபயர்மேன் ஆக்சஸ் என்ற இந்த உத்தியின் காப்புரிமையை 2025-இல் மற்ற நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது ரெனோ.

வாயடைத்துப்போகும் கார்கள்

குறை இல்லாமல் இல்லை. பழைய இ-கால் கருவிகள் 2ஜி, 3ஜி நெட்வொர்க்கை நம்பி இருப்பவை. அந்த நெட்வொர்க்குகளை நிறுத்தினால் கார் நன்றாக ஓடும், ஆனால் கூப்பிட வேண்டிய நேரத்தில் வாயடைத்து நிற்கும். அமெரிக்காவில் 2022-இல் 3ஜியை நிறுத்தியபோது பல கார்களின் விபத்து அறிவிப்புச் சேவை அப்படித்தான் நின்றுபோனது. ஒரு காரின் ஆயுள் பதினைந்து இருபது வருடம். நெட்வொர்க்கின் ஆயுளை போன் நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை தீர்மானிக்கிறார். ஐரோப்பாவில் 2026 ஜனவரியிலிருந்து அனுமதி பெறும் புதிய மாடல்கள் 4ஜி, 5ஜி வழியாக அழைக்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. ஏற்கெனவே சாலையில் ஓடும் பழைய கார்களுக்கு அது ஒன்றும் செய்யாது.

பொய் அழைப்புகளும் உண்டு. குழந்தைகள், ஆர்வக்கோளாறுகள் (என்னையும் சேர்த்து), மெக்கானிக்குகள் என்று பொத்தானை அமுக்குகிறவர்கள் ஏராளம். அமுக்கிவிட்டால் பயந்துபோய்த் துண்டிக்கப் பார்க்காமல், எடுப்பவரிடம் தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லிவிடுவதே சரி. இல்லாவிட்டால் மௌனத்துக்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று மேலே பார்த்தோம். காரை விட போன் இன்னும் சுலபமாக ஏமாறும். மோதலை உணரும் வசதியோடு 2022-இல் ஐபோன் 14 வந்தபோது, ஒஹாயோ மாநிலத்தின் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன்கள் விபத்து என்று நினைத்து அமெரிக்க அவசர எண்ணான 911-ஐக் கூப்பிட்டுவிட்டன. மறுமுனையில் கேட்டதெல்லாம் அலறல். ஊழியர் பாவம், என்னவென்று நினைப்பார்!

இதையெல்லாம் படித்த பிறகு ஒருநாள் வீடியோ காலில் நண்பனிடம் கேட்டேன், "உன் வண்டில அந்த அட்டை இருக்காடா?"

"இல்லாம? முன்கண்ணாடில ஸ்டிக்கரே ஒட்டியிருக்கேன்" என்றான் பெருமையாக. கீழே இறங்கிப் போய், வெயில் மறைப்பை மடக்கி, நாலாக மடித்த தாளை எடுத்து கேமரா முன்னால் விரித்தான். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. டீசல் டேங்க், முன்தூணில் குப்பி, எல்லாம் தெளிவாகக் குறித்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அடச்சே" என்றான்.

அது அவனுடைய பழைய காரின் அட்டை. போன வருடம் அதை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கியபோது, வெயில் மறைப்பிலிருந்ததை எல்லாம் பத்திரமாக எடுத்து இதில் செருகியிருக்கிறான். அன்று ராத்திரியே ஆபீஸ் பிரின்டரில் புதிதாக எடுக்கக் கிளம்பினான், கலர் மை இருக்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே.